வண்டியிலும் வகுப்பிலும் செல்போனுக்குத் தடை வேண்டுமா? போனைப் பிடுங்கிய வாத்தியாரின் பதில்

கேள்வி: வாகனம் ஓட்டும்போதும் பள்ளிக்கூடத்திலும் செல்போன் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த வேண்டுமா? அது தனிமனித உரிமையில் தலையிடுவது ஆகாதா?

வேண்டும். இரண்டு இடத்திலும் வேண்டும். இரண்டு இடத்திலும் தப்புப் பண்ணியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

கேள்வியின் தொனியைப் பார்த்தால், உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்பதோ பத்தோ படிக்கிறது, பள்ளியில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று அனுப்பியிருக்கிறார்கள், நீங்களும் போய் நின்று நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள். மணப்பாறையிலிருந்து 19 கிலோமீட்டர் உள்ளே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ("லட்ச ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டு..." என்று பின்னூட்டம் தட்டத் தொடங்கியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். என்னைத் திட்டுவதற்கு அதைவிட நல்ல காரணம் கீழே வருகிறது.)

2022 ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதாம் வகுப்பில் காரணிப்படுத்தல் நடத்திக்கொண்டிருக்கிறேன். கடைசி பெஞ்சில் ஒருவன் குனிந்த தலை நிமிரவில்லை. போய்ப் பார்த்தால் தொடைக்கு நடுவே போன், அதில் கேம். பிடுங்கினேன். வழக்கமான வசனத்தையும் சொன்னேன்: "அம்மா வந்து கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கட்டும்." மேசை டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தச் சாவி என் பைக் சாவியோடு ஒரே வளையத்தில் இருந்தது. இது பின்னால் முக்கியம்.

மறுநாள் காலை 9 மணிக்குக் கொஞ்சம் முன்னால். பள்ளிக்கு இன்னும் 3 கிலோமீட்டர். போன் அடித்தது. ஹெச்.எம்.தான். முந்தின நாள் ஏதோ ஒரு விழாவுக்கு எடுத்த போட்டோக்களைச் செயலியில் ஏற்ற வேண்டும், மேலிடத்தில் இருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள், என் போனில்தான் படங்கள் இருக்கின்றன. வண்டியை நிறுத்தினேனா? இல்லை. நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகிக்கொண்டு "சொல்லுங்க சார்" என்றேன். ஹெல்மெட் போட்டிருக்கிறோம், இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கிறது, சட்டப்படி நல்ல பிள்ளை என்று நினைப்பு வேறு.

பேச்சு நீண்டது. போன் நழுவிக் கழுத்துப் பக்கம் இறங்கியது. இடது கையை எடுத்து மேலே தள்ளினேன். அவ்வளவுதான். வண்டி தார் ரோட்டை விட்டு ஓரத்துச் சரளையில் இறங்கிவிட்டது. வேகம் 40தான் இருக்கும். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். போனைச் சரிசெய்ய மூன்று வினாடி ஆனது என்று வைத்தால் 33 மீட்டர். எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பறை இருபதடி நீளம். ஐந்து வகுப்பறைகளைத் தாண்டும் வரைக்கும் நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. இந்தக் கணக்கை அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போட்டேன். அதற்கு முன்னால் போடத் தோன்றவில்லை, கணக்கு வாத்தியாருக்கு.

இடது பக்கமாக விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. போன் பத்தடி தள்ளி விழுந்தும் அணையவில்லை. அந்த வழியாக சைக்கிளில் வந்து முதலில் ஓடி வந்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கடைசி பெஞ்சுக்காரன். என் போனை எடுத்துக் காதில் வைத்து, "சார் விழுந்துட்டாரு சார்... ஆமா சார், பேசிக்கிட்டே வந்தாரு" என்று அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. வலியை விட அந்த "பேசிக்கிட்டே வந்தாரு"தான் இன்னும் குத்துகிறது.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதும்போது எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். "ஆடு குறுக்க வந்துருச்சு" என்றேன். ஆடு இருந்தது உண்மை. ரோட்டோரம் வேலியில் முன்னங்காலைப் போட்டுத் தழை தின்றுகொண்டிருந்தது. அது குறுக்கே வரவில்லை, நான்தான் அதற்குக் குறுக்கே போனேன். ஆனால் நாலு பேர் பார்க்க வரும் இடத்தில் "போன் பேசினேன்" என்று எப்படிச் சொல்வது? மனைவியிடமும் ஆடுதான். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஆடுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "போனால் எத்தனை விபத்து ஆகிறது, புள்ளிவிவரம் காட்டு" என்று கேட்பவர்கள் உண்டு. 2022இல் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் செல்போனுக்கென்று ஒரு தனிக் கட்டமும் உண்டு. அந்தக் கட்டத்தில் என்னைப் போன்றவர்கள் இருக்க மாட்டோம். எங்களை எல்லாம் ஆடு, மாடு, நாய், மண் என்று எழுதி முடித்திருப்பார்கள்.

சட்டம் ஒன்றும் மென்மையாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது அபாயகரமாக ஓட்டுவதில் சேரும். முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சிறை, அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் திரும்பச் செய்தால் அபராதம் 10,000. 2020 அக்டோபரில் இருந்து வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி, போனைப் பயன்படுத்தலாம் என்று விதியில் ஒரு சலுகையும் வந்தது. சரி, ஹெல்மெட்டுக்குள் செருகினால் அது கையில் பிடித்ததா இல்லையா என்று வாதாடுவதற்கு நம்மிடம் ஆள் பஞ்சமில்லை, நானே வாதாடியிருப்பேன். ஆனால் உடம்புக்கு அந்த வாதம் தெரியாது. போன் பேசிக்கொண்டு ஓட்டுபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்றும், ஹேண்ட்ஸ்ஃப்ரீ போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கை சும்மா இருந்தாலும் மனசு போட்டோ ஏற்றப் போய்விடுகிறதே.

இப்போது அந்த டிராயருக்கு வருகிறேன். விழுந்த வண்டியை மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாவிக்கொத்தும் அதோடு போனது. எனக்கு ஸ்கேனும் எக்ஸ்ரேயும் தோள்பட்டையைச் சேர்த்துக் கட்டும் பெல்ட்டுமாக நாள் ஓடியது. டிராயருக்குள் ஒரு போன் இருப்பது நினைவிலேயே இல்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் சக ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்டார்.

அந்த போன் அந்த வீட்டில் இருந்த ஒரே போன். பையனின் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். நாளைக்கு எந்த சைட், எத்தனை பேர் என்று மேஸ்திரி முந்தின நாள் சாயந்தரம் போனில் கூப்பிட்டுச் சொல்வார். எடுக்கவில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். அந்த ஒன்பது நாளில் ஐந்து நாள் கூலி போயிற்று. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, "ஆன்லைன் வகுப்பு நடக்குது, பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்கம்மா" என்று அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்ன வாத்தியார்களில் நானும் ஒருவன். குழுக் கடனில் வாங்கிய போன் அது.

தோள் கட்டோடு அந்த அம்மாவிடம் போய்ப் பணம் கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம் சார். இனிமே புடுங்கினா சாயந்தரம் குடுத்துருங்க" என்றார்.

பள்ளிக்கூடத்துக் கட்டுப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான். பிரான்ஸில் 2018இல் சட்டம் போட்டே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் தடுத்தார்கள். யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கை, கவனம் ஒரு தடவை சிதறினால் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது. எங்கள் பீரியடே 40 நிமிடம், பாதி போயிற்று. அதனால் வகுப்பில் போன் வேண்டவே வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தடை என்பது வேறு, பறிமுதல் என்பது வேறு. இப்போது எங்கள் பள்ளியில் போன் கொண்டுவந்தே தீர வேண்டியவர்கள் (தூரத்தில் இருந்து வருபவர்கள், வீட்டில் யாரும் இல்லாதவர்கள்) காலையில் பெயர் எழுதிய துணிப்பையில் போட்டு ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டு, பெல் அடித்ததும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். இதுவரை தொலையவில்லை.

பீரோ வந்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. பதினொன்றரை மணிக்கு உள்ளே இருந்து போன் அடிக்கும். திறந்து பார்த்தால் திரையில் "அம்மா", "அப்பா", "மாமா". பிள்ளை வகுப்பில் இருக்கும் நேரம் என்று தெரியாதா? தெரியும். "சும்மா, சாப்பிட்டானான்னு கேக்கத்தான்." பதினொன்றரைக்கு என்ன சாப்பாடு?

ஹெச்.எம். மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல மனிதர், ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக வந்தார். ஆனால் காலை 9 மணிக்கு நான் வண்டியில்தான் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டவருக்கும் தெரியும். சாப்பாடு கொண்டுவரும் பையன் இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை என்று மேப்பில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே "எங்கப்பா இருக்க?" என்று கூப்பிடுகிறோமே, அவன் எதால் எடுப்பான் என்று நினைக்கிறோம்? அபராதம், போனை எடுத்தவனுக்கு மட்டும்தான் விழுகிறது. கூப்பிட்டவன் விட்ட இடத்தில் இருந்து அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விடுகிறான். உரிமையில் தலையிடுவதாகாதா என்று கேட்டீர்களே, என் காதுக்குள் தலையிடுவதற்கு இத்தனை பேருக்கு உரிமை இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை.

"அப்போ நீங்க ஏன் எடுத்தீங்க, வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதானே?" என்பவர்களுக்கு: ஆமாம், என் தப்புதான். மறுக்கவில்லை.

ஆனால் நான் ஏன் பைக்கில் போகிறேன் தெரியுமா? அந்த ஊருக்குக் காலை 8.10க்கு ஒரு டவுன் பஸ் இருந்தது. கொரோனாவில் நிறுத்தினார்கள். அப்புறம் வரவே இல்லை. மனு கொடுத்து மனு கொடுத்து எங்கள் ஊர்த் தலைவருக்கு மனு எழுதுவதே மனப்பாடம் ஆகிவிட்டது. இப்போது 7.20க்கு ஒன்று, 9.45க்கு ஒன்று. பிள்ளைகள் அந்த 7.20 பஸ்ஸிலேயே வந்து பூட்டிய கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும். அதில் பாதிப் பேர் போன் கொண்டுவருவதே, பஸ் வந்துவிட்டதா என்று முன் ஸ்டாப்பில் இருப்பவனைக் கேட்கத்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், கிளம்பும்போது போனைச் சைலண்டில் போட்டுப் பைக்கின் சைடு பாக்ஸில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். 40 நிமிடம் உலகம் என்னைத் தேடட்டும். ஹெச்.எம்.மிடமும் சொல்லிவிட்டேன். முதல் மாதம் முறைத்தார், இப்போது எட்டு மணிக்கே கூப்பிட்டுவிடுகிறார். டிராயர் சாவி தனி வளையத்தில் பள்ளியிலேயே தொங்குகிறது. பழைய ஹெல்மெட் அரை முகத்துக்குத்தான் வரும். புதிதாக முழு முகம் மூடுவதாக ஒன்று வாங்கினேன். கடையிலேயே போனைக் கன்னத்தோரம் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். 1,450 ரூபாய்.