தட்டை வைத்து நாட்டை எடைபோடலாமா?

கேள்வி: கொழும்பில் ஃபிரைட் ரைஸ் உண்டு பழகிய நாங்கள், சீனாவுக்குச் சென்றால் உணவைக் கொண்டு அம்மக்களைப் புரிந்துகொள்ள முடியுமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடியும், ஆனால் இங்கு பழகிய சுவையை அங்கே தேடாதீர்கள். தென்சீன மாகாணமான குவாங்டொங்கில் முழு மீனை இஞ்சியுடன் ஆவியில் அவித்து, வெங்காயத்தாள் தூவி, சோயா சோஸும் கொதிக்கும் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். உறைப்புக்குப் பழகிய நம் நாவுக்கு அது சப்பென்றிருந்தாலும், மீனின் இயல்பான சுவையை மறைக்காதிருப்பதே அச்சமையலின் பெருமை. தென்மேற்கு மாகாணமான சிச்சுவானிலோ மிளகாய் எரியும், நாவும் மரத்துப்போகும்.

சீனர் மேசை நடுவில் வைத்த பதார்த்தங்களைப் பகிர்ந்து உண்பார்கள்; அதோடு ஒப்பிட்டு, மேலைநாட்டவர் தனித்தனித் தட்டில் உண்பதைப் பார்த்து, அவர்கள் ஒட்டுறவற்றவர்கள் என்று முடிவுகட்டுவது அநியாயம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியதே 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அங்கும் விருந்துகளில் பல பதார்த்தங்களை ஒருங்கே மேசையில் பரப்பினர். சீன வீட்டில் விருந்தளிப்பவர் உங்கள் கிண்ணத்தில் ஒரு துண்டை எடுத்து வைத்தால், அதை உபசரிப்பாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.