பால் பண்ணையில் பங்கு வாங்கும் முன் 2020 கணக்கைப் பாருங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவின் டுலேரி கவுண்டியில் இருக்கிறோம். 500 கறவை மாடுகள் உள்ள ஒரு பால் பண்ணையின் எல்எல்சியில் (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) பங்கு வாங்க நானும் என் மைத்துனரும் பேசி வருகிறோம். 2020 லாபம் மற்ற வருஷங்களைவிட ரொம்பவே கூடுதல். கேட்டால் "கோவிட் நிவாரணம்" என்கிறார்கள். அதையும் சேர்த்து விலை பேசலாமா? அரசு பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டால் எங்கள் தலையில் விழுமா?

பதில்: விலை பேசும்போது அந்தப் பணத்தைக் கழித்துவிடுங்கள். அது அந்தச் சமயத்துக்கென்று கொடுத்தது, வருஷா வருஷம் வருவதில்லை. ஆனால் கழித்த தொகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பண்ணையில் உண்மையில் எவ்வளவு பால் கறந்தது என்று அது உங்களுக்குச் சொல்லிவிடும்.

மத்திய வேளாண் துறையின் 'சிஎஃப்ஏபி' நிவாரணம் 2020-இல் இரண்டு சுற்றாக வந்தது. முதல் சுற்றுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை கறந்த பால்தான் கணக்கு. 100 பவுண்டுக்கு 4.71 டாலர், அதோடு அதே பாலை 1.4 சதவீதம் கூட்டி, அதற்கு 1.47 டாலர். மொத்தத்தில் 100 பவுண்டுக்கு ஏறக்குறைய 6.20. வந்த தொகையை 6.20-ஆல் வகுத்தால் மூன்று மாதப் பால் கிடைத்துவிடும். 500 மாடு, தலைக்கு நாளுக்கு 75 பவுண்டு என்று விற்பவர் சொன்னால், 91 நாளுக்குச் சுமார் 2,11,600 டாலர் வந்திருக்க வேண்டும். 1,60,000 தான் என்றால் மாடு குறைவு, அல்லது கறவை குறைவு. முதலில் 80 சதவீதமும் மீதி பிறகும் வந்ததால், இரண்டு வரவையும் கூட்டிப் பாருங்கள். கீழே கொட்டிய பாலும் இந்தக் கணக்கில் உண்டு. பால் வாங்குபவரின் ரசீதோடு சிறு வித்தியாசம் வந்தால் அது காரணமாக இருக்கலாம்.

இரண்டாம் சுற்று ஏப்ரல் முதல் டிசம்பர் வரைக்கு, 100 பவுண்டுக்கு 1.20 டாலர். இதில் கடைசி நான்கு மாதம் முந்தைய சராசரியை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். அதனால் நான் முதல் சுற்றைத்தான் அதிகம் நம்புவேன்.

ஒரு எச்சரிக்கை. ஒரு சுற்றில் ஒருவருக்கு உச்சவரம்பு 2.5 லட்சம் டாலர். உழைப்போ நிர்வாகமோ தலா 400 மணி நேரம் தந்த பங்குதாரர் மூவர் இருந்தால் 7.5 லட்சம் வரை. தொகை சரியாக உச்சவரம்பில் நின்றால் மேலே சொன்ன வகுத்தல் உதவாது. பக்கத்துப் பண்ணைக்கு இரண்டு மடங்கு வந்ததே என்று புகைபவர்கள் பெரும்பாலும் இந்த விதியைப் பார்க்காதவர்கள்.

இந்தப் பணம் ஷெட்யூல் எஃப் என்ற விவசாய வருமான வரிப் படிவத்தில், '4ஏ' என்ற இடத்தில் இருக்கும். அதற்கு வரி உண்டு. கோவிட் காலத்தில் சம்பளம் கொடுக்க அரசு தந்த பிபிபி கடன் தள்ளுபடியாகியிருந்தால் அதற்கு மத்திய வரி இல்லை, அதனால் வரிப் படிவத்தின் வருமானத்தில் அது வராது. பண்ணையின் சொந்த லாப நஷ்டக் கணக்கில் 'இதர வருமானம்' என்று ஒளிந்திருக்கும், அதையும் கழியுங்கள். 2021-இல் அறிவித்த இன்னொரு பால் நிவாரணம் கூட்டுறவு, கொள்முதல் நிறுவனங்கள் வழியாக வந்தது. அதைப் பால் விற்ற பணத்தோடு சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எல்லாம் கழித்த பிறகும் 2020 சாதாரண ஆண்டு ஆகிவிடாது. சீஸுக்குப் போகும் பாலின் விலை மே மாதம் 100 பவுண்டுக்கு 12.14 டாலர், ஜூலையில் 24.54. பிந்தைய ஆண்டுகளையே விலைக்கு அடிப்படையாக வையுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நிவாரணம் நிலத்துக்கோ மாட்டுக்கோ தரப்பட்டதல்ல, விண்ணப்பித்தவருக்கு. நிலத்தையும் மாட்டையும் மட்டும் வாங்கினால் பழைய பாக்கி பொதுவாக விற்பவரோடு போய்விடும். நீங்கள் வாங்குவது எல்எல்சியின் பங்கு. விண்ணப்பித்தது அந்த எல்எல்சி என்றால் அதன் பழைய பொறுப்பும் கூடவே வரும். விண்ணப்பம் பெரும்பாலும் சுய உறுதிமொழியை நம்பி ஏற்கப்பட்டது. தவறான கணக்கு என்று தெரிந்தால் வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள். பிபிபி மோசடிக்கு வழக்குத் தொடரும் காலம் 10 ஆண்டு.

எனவே ஏடி-3114 என்ற சிஎஃப்ஏபி முதல் சுற்று விண்ணப்பம், அந்த மூன்று மாதப் பால் ரசீதுகள், பிபிபி தள்ளுபடிக் கடிதம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 2020, 2021 நிவாரணத்தில் எதைத் திருப்பிக் கேட்டாலும் பழைய பங்குதாரரே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உங்கள் வக்கீலை எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் விலையில் ஒரு பகுதியை எஸ்க்ரோவில், அதாவது நடுநிலையான மூன்றாமவரின் கணக்கில், நிறுத்தி வையுங்கள்.