பழைய கொலை மர்மப் படங்களைப் புதிய ரசிகர்களுக்காக மறுபடி எடுக்கலாமா?

எடுக்கலாம்தான். ஆனால் கேள்வியில் ‘புதிய ரசிகர்களுக்காக’ என்று ஒரு காரணம் இருக்கிறதே, அதைத்தான் நான் நம்புவதில்லை.

சில மாதங்களுக்கு முன் அக்கா மகளுக்கு ‘அந்த நாள்’ போட்டுக் காட்டினேன். 1954-இல் வந்த படம். அவளுக்குப் பதினேழு வயது. கறுப்பு வெள்ளை என்றதுமே முகம் சுண்டிப்போயிற்று. ஒரு கண் டிவியில், ஒரு கண் போனில். ஆரம்பத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி சாய்கிறார். “என்ன மாமா இது, ஹீரோ செத்துட்டாரா? அப்போ மிச்சப் படத்துல என்ன காட்டுவாங்க?” என்றாள். அதற்கப்புறம் போன் அவள் மடியில் கவிழ்ந்தே கிடந்தது. சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்கிறார், ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இவளும் ஒவ்வொரு கதைக்கும் ஒரு கொலைகாரரை மாற்றிக்கொண்டே வந்தாள். படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது என்பது, முடிந்த பிறகு நான் சொல்லித்தான் அவளுக்கு உறைத்தது.

எங்களுக்குத் தொல்லை கொடுத்தது படம் இல்லை, பிரதி. வசனம் காதில் விழாமல் சத்தத்தை ஏற்றி ஏற்றி வைத்தோம். ரீமேக்குக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து இந்தப் படங்களைச் சுத்தம் செய்து, நல்ல சப்டைட்டிலோடு வெளியிட்டால் பாதி புதிய ரசிகர்கள் தானாக வந்துவிடுவார்கள்.

கொலை மர்மத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காதல் கதையை நாலு தடவை எடுத்தாலும் பார்க்கலாம், முடிவு தெரிந்தால் நஷ்டமில்லை. இங்கே ‘யார்’ என்பது பெட்டிக்குள் பூட்டி வைத்த பண்டம். முதல் படம் ஓடி முடிந்ததும் பெட்டி காலி. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை 1998-இல் கஸ் வான் சான்ட் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே கலரில் எடுத்தார். கேமரா வைத்த இடம் அதேதான், வசனமும் பெரும்பாலும் அதேதான். பயம் மட்டும் வரவில்லை.

அப்படியானால் ரீமேக்கே கூடாதா என்றால், அதுவும் இல்லை. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த 1941 படம். அது அதே பெயர் கொண்ட துப்பறியும் நாவலிலிருந்து எடுத்த மூன்றாவது படம்! 1931-இல் ஒன்று, 1936-இல் பெயரை மாற்றி இன்னொன்று, மூன்றுமே வார்னர் பிரதர்ஸ் எடுத்தவை. 1941 படத்தை எடுத்த ஜான் ஹஸ்டனுக்கு அது இயக்குநராக முதல் படம். நாவலின் உரையாடலையும் அந்தத் துப்பறிவாளனின் ஈரமில்லாத மனசையும் விடாமல் பிடித்துக்கொண்டார். முந்தைய இரண்டு படங்களும் தவறவிட்டது இதைத்தான். நாம் ‘கிளாசிக்’ என்று கும்பிடுவதே ஒரு ரீமேக் என்றால், ‘ஒரிஜினலைத் தொடாதே’ என்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

முதல் படம் எதைச் செய்ய முடியாமல் போனது என்பதுதான் நான் பார்க்கும் கணக்கு. அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவல் 1939-இல் வந்தது. தனித்தீவில் பத்துப் பேர், ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். 1943-இல் மேடைக்குக் கொண்டுபோனபோது கிறிஸ்டியே முடிவை மென்மையாக்கிவிட்டார். 1945-இல் ரெனே கிளேர் படம் எடுத்தபோது அந்த மேடை முடிவையே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த ஆங்கில ரீமேக்குகள் செய்த கூத்தைப் பாருங்கள்: 1965-இல் தீவைப் பனிமலை ஆக்கினார்கள், 1974-இல் பாலைவன ஹோட்டல், 1989-இல் ஆப்பிரிக்கக் காடு. ஊரை மாற்றினார்களே தவிர, முடிவைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. 1987-இல் சோவியத் இயக்குநர் கொவொரூகின்தான் நாவலின் இருண்ட முடிவை அப்படியே திரையில் வைத்தார். ரீமேக் என்றால் அது ரீமேக்.

கிறிஸ்டியின் இன்னொரு நாவலான ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. சிட்னி லூமெட்டின் 1974 படத்தில் இன்கிரிட் பெர்க்மனை விசாரிக்கும் காட்சி இருக்கிறது. வெட்டே இல்லாமல் நீண்டுகொண்டே போகும் ஒரே ஷாட். கேமரா அந்த முகத்தை விட்டு விலகாது. திக்கல், தயக்கம், ஒரு அசட்டுச் சிரிப்பு. அந்தச் சின்ன வேஷத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. முடிவு தெரிந்த பிறகு அதே காட்சியைப் போட்டுப் பாருங்கள், வேறு படம் பார்ப்பது போல இருக்கும். 2017-இல் கென்னத் பிரானா எடுத்ததில் பனிச்சரிவு உண்டு, துரத்தல் உண்டு, துப்பறிவாளர் பாய்ரோவுக்குக் குண்டடிகூட உண்டு. ஒரு முகத்தை நிம்மதியாகப் பார்க்க மட்டும் நேரமில்லை. (மீசை பிரமாதம். 1974 படத்தின் மீசை போதாது என்று கிறிஸ்டி குறைபட்டதாகச் சொல்வார்கள். அந்தக் குறை மட்டும் வட்டியோடு தீர்ந்தது.)

‘செல்போன், சிசிடிவி வந்துவிட்டது, பழைய கதை இப்போது செல்லாது’ என்பவர்களுக்கு ஒன்று. சிக்னல் இல்லை என்று ஒரு வசனம் வைத்துத் தப்பிப்பது சோம்பேறித்தனம். ‘பாபநாசம்’ படத்தில் செல்போனை லாரியில் ஏற்றி அனுப்புகிறானே சுயம்புலிங்கம், அங்கே போலீசை ஏமாற்றுவதே அந்தப் போன்தான்.

திரும்ப ‘அந்த நாள்’. அதன் இயக்குநர், வீணை வித்வான் எஸ். பாலசந்தர், ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ராஷோமோன்’ பார்த்துவிட்டுத்தான் அந்தப் படத்துக்கு வந்தார். நினைத்திருந்தால் காடு, கொள்ளைக்காரன், சாமுராய் எல்லாவற்றையும் வேட்டி கட்டிவிட்டு எடுத்திருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் உத்தி. கொலை அவருடையது, குடும்பம் அவருடையது, ஜப்பான் குண்டு விழுந்த 1943 சென்னையின் பீதியும் அவருடையது. ‘ராஷோமோன்’ பார்த்தவருக்கும் இதில் கொலைகாரர் யார் என்று தெரியாது. என்னைக் கேட்டால், புதிய ரசிகர்களுக்கு இப்படித்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அக்கா மகள் கடைசியாகச் சந்தேகப்பட்ட ஆள் தப்பு. அவள் ஆரம்பத்தில் சொல்லிவிட்டுக் கைவிட்ட பெயர்தான் சரி. இதற்கு மேல் சொன்னால் பெட்டியைத் திறந்த பாவம் எனக்கு வரும்.