இறகில்லாத டைனோசர் – கடிதம்

வணக்கம் அண்ணா,

ஜுராசிக் வேர்ல்ட் படத்துல டைனோசருக்கு இறகே காட்டாதது பெரிய தப்புன்னு எழுதியிருந்தீங்க. கொசு குடிச்ச ரத்தத்துல இருந்து டைனோசர உண்டாக்குறதே நடக்காத காரியம், அதையே ஏத்துக்கிட்டு படம் பாக்குறவனுக்கு இறகு இருந்தா என்ன, இல்லன்னா என்ன? அப்புறம், நம்ம குமரி மாவட்டத்துல டைனோசர் எலும்பு கிடைக்க சான்ஸ் இருக்கா?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

தம்பி,

கொசு மேட்டர் நடக்காதுதான். 2022ல கிரீன்லாந்து மண்ணுல இருந்து எடுத்த டி.என்.ஏவே சுமார் 20 லட்சம் வருஷப் பழசு, அதுக்கே உலகம் வாயப் பொளந்துச்சு, டைனோசர் அழிஞ்சதோ 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால. ஆனா அத நான் கேக்க மாட்டேன், அது இல்லன்னா கதையே இல்ல. டைனோசருக்குப் பறவை சொந்தக்காரனா இருக்கும்போது, விட்டுப்போன டி.என்.ஏவ நெரப்ப படத்துல தவளை டி.என்.ஏவ ஏன் கலந்தாங்கன்னும் கேக்க மாட்டேன், பொட்டை மட்டும் இருக்குற தீவுல குஞ்சு பொரிக்கணும்னா பால் மாறுற தவளை வேணும்.

எனக்குப் பொறுக்காதது, படம் தான் சொன்னத தானே மீறுறது. 1993ல வந்த முதல் படமான ஜுராசிக் பார்க்ல டி ரெக்ஸ்ங்கிற ராட்சச டைனோசர் வர்ற சீன நெனச்சுப் பாருங்க, கார்ல இருக்குற கிளாஸ் தண்ணி வட்டம் வட்டமா அதிருது, ஆளு இன்னும் கண்ணுக்கே தெரியல, நமக்கு அடிவயிறு கலங்குது. அதே டி ரெக்ஸ் கிளைமாக்ஸ்ல ஹாலுக்குள்ள வந்து வெலாசிராப்டர்ங்கிற சின்ன டைனோசர கவ்வுற வரைக்கும் ஒரு சத்தமும் இல்ல, அது எப்படி?

இறகும் இதே கணக்குதான். அந்தப் படத்துலயே ஹீரோ, டைனோசர்தான் பறவையாச்சுன்னு சொல்லுவார், அப்ப இறகுக்குச் சாட்சி எதுவும் கையில இல்ல. 1996ல சீனாவுல மெல்லிசான இறகுப் பிசிறோட ஒரு டைனோசர் கிடைச்சுது, 2007ல வெலாசிராப்டரோட முன்கை எலும்புலயே இறகு ஊணி நின்ன புடைப்புகள் வரிசையா இருக்குறத கண்டுபிடிச்சாச்சு. நாங்க சொன்னது நிஜமாயிருச்சுன்னு 2015ல ஜுராசிக் வேர்ல்ட் எடுத்தப்ப கொண்டாடியிருக்க வேண்டாமா? நிஜத்துல வான்கோழி சைஸ் இருந்த வெலாசிராப்டர மனுச உயரத்துக்கு ஏத்தி, மொழுமொழுன்னு பல்லி மாதிரி விட்டுட்டாங்க. எல்லாம் லேப்ல ஜீன் கலந்து செஞ்சதுன்னு ஒரு டயலாக் வச்சாங்க, எனக்கு அது சாக்காத்தான் படுது. இதே வரிசையில 2022ல வந்த படத்துல இறகோட காட்டுனாங்களே, நல்லாத்தானே இருந்துச்சு.

இறகு வச்சா பயம் வராதும்பாங்க. தேரூர் குளத்துல நீலத் தாழைக்கோழிய பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்களா, நீள நீளமான விரலால தண்டப் பிடிச்சுத் தூக்கி, செவப்பு அலகால கடிச்சுக் கிழிக்கும், அத ஆள் உயரத்துக்கு நெனச்சுப் பாத்துக்கிடுங்க.

நம்ம ஊருல எலும்புக்கு சான்ஸ் இல்ல தம்பி. இங்க உள்ள பாறை பெரும்பாலும் சார்னோகைட், கோண்டலைட், டைனோசர் வர்றதுக்குப் பல கோடி வருஷம் முன்னாலயே பூமிக்கடியில வெந்து உருமாறுனது. அரியலூர் பக்கந்தான் போகணும். அங்க கல்லமேடுல கிடைச்ச ராட்சச எலும்புக்கு புருகத்காயோசாரஸ்னு 1980கள்ல பேர் வச்சாங்க, பாதுகாக்க முடியாம அது உதிர்ந்தே போச்சு, எனக்கு இன்னும் ஆறல. வாரணவாசியில புதைபடிவ மியூசியம் இருக்கு, லீவுக்கு புள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க.