அடுத்த வாரம் ஊட்டி வருகிறோம், போனில் இரவு 7 டிகிரி என்றுதான் காட்டுகிறது. உறைபனி பார்க்க முடியுமா?

பொங்கலுக்கு முந்தின வாரம் குடும்பத்தோடு வருவதாகவும், வாரம் முழுக்க இரவில் 7, 8 டிகிரி என்று போன் காட்டுவதால் உறைபனி கிடைக்காதோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவிலிருந்து கொஞ்சம் தள்ளி வீடு. பின்னால் ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். அதனால் டிசம்பர் பிறந்தால் இதே கேள்விதான் எங்கள் வீட்டிலும் தினம் ஓடும். உங்களுக்குப் பனி விழ வேண்டும், எங்களுக்கு விழக்கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் அந்த 7 டிகிரியை மறந்துவிடுங்கள். போனில் வருவது பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு சதுரத்துக்குச் சேர்த்துப் போட்ட ஒற்றை எண். அந்தச் சதுரத்துக்குள்ளேயே 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் இருக்கும், அதன் காலடியில் கேத்திப் பள்ளத்தாக்கும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே குளிர் என்றால் எப்படி? அப்புறம், வானிலைக்காரர்கள் வெப்பநிலையை அளப்பது தரையில் இல்லை, நாலடி உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள். அமைதியான இரவில் பெட்டிக்குள் 3, 4 டிகிரி இருக்கும்போதே புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜனவரி ராத்திரி, போனில் 6 என்று பார்த்துவிட்டு, விடியற்காலையில் எழுந்து, உறைபனி செடியைக் கருக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரைப் போட வேண்டியதில்லை என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரு பொட்டு மேகம் இல்லையேடா" என்றார். நான் போனைக் காட்டினேன். காலையில் பார்த்தால் உருளைக்கிழங்குச் செடி மொத்தமும் வெள்ளை, வெயில் ஏறியதும் வெந்த கீரை மாதிரித் துவண்டு, மத்தியானத்துக்குள் கறுத்துப் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆக, எண்ணைப் பார்க்காதீர்கள், மேகத்தைப் பாருங்கள். பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் தரை இரவில் மேலே விட்டுவிடும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி நிறையத் திருப்பி அனுப்பும், இல்லாவிட்டால் போனது போனதுதான். காற்று அசையாமலும் ஈரம் குறைவாகவும் இருந்தால் இன்னும் வேகமாகக் குளிரும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், தண்ணீர் மாதிரிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் உயரமான சிகரத்தை விட்டுவிட்டு தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் கீழ்ப்புறம், அவலாஞ்சி என்று தாழ்ந்த இடங்களாகப் பார்த்து வெள்ளை விரிகிறது. சுற்றுலா வருகிறவர்கள் உறைபனி பார்க்கத் தொட்டபெட்டாவுக்கு டாக்சி பிடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அடுத்த வாரத்துக்கு வருவோம். ஜனவரி முதல் பாதியில் இங்கே இரண்டில் ஒன்றுதான் நடக்கும். வடகிழக்குப் பருவமழை இன்னும் விலகாமல், இலங்கைக்குக் கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி சுற்றிக்கொண்டிருந்தால் கீழைக்காற்று மேகத்தை மலைமேல் தள்ளிவிடும். குன்னூர், கோத்தகிரி கிழக்கு முகமாக இருப்பதால் தூறலும் மூடுபனியும் அங்கேதான் முதலில். ஊட்டியில் இரவு 9, 10 டிகிரிக்குக் கீழே இறங்காது, பகலும் 15ஐத் தாண்டத் திணறும். உறைபனி கிடையாது, ஆனால் நாள் முழுக்க நடுங்குவீர்கள். இப்படியான வாரத்தில்தான் எல்லோரும் "ஊட்டியில் என்ன குளிர்!" என்று போட்டோ போடுவார்கள். 2021இல் பொங்கல் வரை மழை விடவில்லை, டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்ததை நினைவு வைத்திருப்பீர்கள்.

அப்படி எதுவும் இல்லாமல் வறண்ட காற்று வீச ஆரம்பித்து, பகலில் 20, 22 டிகிரிக்குப் பளீரென்று வெயில் அடித்தால் உங்கள் அதிர்ஷ்டம். பகலில் ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கிற நாளின் ராத்திரிதான் புல்லை வெள்ளையாக்கும். சென்னை வானிலை மையத்தின் அறிக்கையில் "நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இரவு மற்றும் அதிகாலை நேரங்களில் உறைபனி" என்று ஒரு வரி வரும், அதைத் தேடுங்கள். கூடவே வங்கக்கடல் பற்றிய வரியையும் படியுங்கள். தாழ்வுப் பகுதி என்ற சொல் இருந்தால் அது கரைந்து போன பிறகு இரண்டு மூன்று நாள் தள்ளி எதிர்பார்க்கலாம். ஐந்து நாளைக்கு மேல் யார் சொன்னாலும், நான் உட்பட, நம்பி அறை போடாதீர்கள்.

வந்த பிறகு ராத்திரி 9 மணிக்கு வெளியே நில்லுங்கள். நட்சத்திரம் கூர்மையாகத் தெரிந்து, மரக்கிளை அசையாமல், ஊர்ப்புகை மேலே ஏறாமல் பள்ளத்தில் பாய் விரித்த மாதிரிப் படுத்துக்கிடந்தால் அலாரத்தை 5.30க்கு வையுங்கள். சூரியன் வர 6.45 ஆகும், அந்த நேரத்தில்தான் குளிர் உச்சம். 8 மணிக்கெல்லாம் எல்லாம் ஈரமாகிவிடும். புல்வெளிக்குள் இறங்க வேண்டாம், சாலையோரத்திலிருந்தே நன்றாகத் தெரியும். பூங்காவில் சில செடிகள்மேல் காய்ந்த மிலார் தழையைப் போட்டு மூடியிருப்பதைப் பார்த்தால் குப்பை என்று நினைக்காதீர்கள், அதுதான் செடிகளுக்கு ஸ்வெட்டர்.

குல்லா, மப்ளர் எல்லாம் நீங்களே எடுத்து வருவீர்கள், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு விஷயம் மட்டும். கார் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். இன்னொன்று, குளிருக்காகக் கரி அடுப்பையோ நெருப்புச் சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே மூச்சடைத்துச் செத்தவர்கள் மலையில் உண்டு. தங்குமிடத்தில் யாராவது கேட்காமலே கொண்டுவந்து வைத்தாலும் வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

வருகிற தேதியைச் சொன்னால் முந்தின நாள் சாயங்காலம் வானத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே கருத்தில் எழுதுகிறேன். அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.