நாயை விட்டிட்டுப் போறதுக்கு முன்னம்: உங்கட கேள்வியளும் என்ர பதிலும்

நல்லூர்க் கொடியேத்தம் கிட்டுது. வெளிநாட்டுச் சனம் இஞ்ச வாற நேரம், இஞ்ச இருக்கிறவை இந்தியாவுக்கு வெளிக்கிடுற நேரம். அதால இந்தமுறை வந்த கேள்வியில முக்காவாசி நாயை எங்க விடுறது எண்டதுதான். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தா ஒண்டாச் சேர்த்திட்டன். பேர் போடேல்லை, ஊர் மட்டும்தான்.

சுன்னாகம்: பத்து நாள் திருச்சி, வேளாங்கண்ணி எண்டு போறம். மூண்டு வயசு லாப்ரடோர். போர்டிங்கில (காசுக்கு நாயை வச்சுப் பாக்கிற இடம்) விட முன்னம் என்னத்தைப் பாக்கோணும்?

போன்ல புக் பண்ணாதைங்கோ, முதல் அது. நேர போங்கோ, சொல்லாமப் போங்கோ. பின்னேரம் நாலு மணிக்கு வாங்கோ எண்டு அவை சொன்னா நீங்கள் மத்தியானம் பன்ரெண்டுக்குப் போய்ப் படலையில நில்லுங்கோ. கதிரை போட்டு ரீ தாற ஒபிஸ் அறை உங்களுக்குத் தேவையில்லை, நாய் ராவில படுக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கோ. மற்ற நாயளுக்கு வருத்தம் தொத்தும், கிட்டப் போகாதைங்கோ எண்டா அது நியாயமான கதை, தள்ளி நிண்டு பாக்கலாம். பாக்கவே ஏலாது எண்டா மோட்டச்சைக்கிளைத் திருப்புங்கோ.

மத்தியானம் போகச் சொன்னதுக்குக் காரணம் தகரம். எங்கட பக்கத்துக் கூடுகளில அரைவாசிக்குத் தகரக் கூரைதான், சோளகம் எவ்வளவு வீசினாலும் அதுக்குக் கீழ ஒரு மனுசன் பத்து நிமிசம் நிக்கேலாது. நாய்க்கு எங்களை மாதிரி வேர்க்காது, நாக்கைத் தள்ளி இளைச்சுத்தான் சூட்டை வெளியில விடும். அதின்ர சாதாரண உடம்புச் சூடே 38, 39 பாகை, 41 தாண்டினா உயிர் ஆபத்து. பக் மாதிரி சப்பை மூக்கு நாயெண்டா சொல்லத் தேவையில்லை. ஓடு, ஓலை, மர நிழல், காத்துக் குறுக்கால ஓடுற இடம், இதுகளைத் தேடுங்கோ. தண்ணிச் சட்டியை எட்டிப் பாருங்கோ, பாசி பிடிச்சிருந்தா மிச்சம் பாக்கத் தேவையில்லை.

படலை ரெண்டு இருக்கோணும், ஒண்டைப் பூட்டினாப் பிறகுதான் மற்றதைத் திறக்கிற மாதிரி. திருவிழாக் காலத்தில ஒரு வெடி போதும், நாய் காலுக்குள்ளால பாஞ்சு ஓடிப்போம். பக்கத்தில வடலி, பத்தை எண்டு கிடந்தா சுருட்டையும் கண்ணாடி விரியனும் இருக்கும், கூட்டைச் சுத்தித் துப்புரவாக்கி வச்சிருக்கினமோ எண்டு பாருங்கோ.

கடைசியா, அவை உங்களிட்ட என்ன கேக்கினம் எண்டு கவனியுங்கோ. ஊசிக் கார்ட் கேக்காத இடத்தில நாயை விடாதைங்கோ. உங்களிட்டக் கேக்கேல்லை எண்டா பக்கத்துக் கூட்டு நாய்க்காரரிட்டையும் கேட்டிருக்க மாட்டினம். விசர்நாய் ஊசி வருசா வருசம் போட்டிருக்கோணும், பார்வோ, டிஸ்டெம்பர் எண்ட தொத்து வருத்தங்கள், எலிக்காய்ச்சல் எல்லாத்துக்கும் சேர்ந்த ஊசியும் போட்டிருக்கோணும், அதுவும் விடுறதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே. முதல் நாள் பின்னேரம் ஓடிப்போய்ப் போட்டிட்டு அடுத்த நாள் கொண்டுபோய் விடுறதில பிரயோசனம் இல்லை.

ஊர் போடேல்லை: நாய் விட எவ்வளவு முடியும், நல்ல இடம் சொல்லுங்கோ, அவசரம்.

என்ன நாய், எத்தினை வயசு, எத்தினை நாள், எங்க இருக்கிறியள், ஒண்டும் இல்லை. அவசரம் மட்டும் இருக்கு. இடத்தின்ர பேர் நான் இதில சொல்லுறேல்லை, போன வருசம் நல்லா இருந்த இடத்தில இந்த வருசம் ஆள் மாறியிருக்கும். காசைப் பற்றி ஒண்டு மட்டும் சொல்லலாம், மற்ற எல்லாரையும் விட அரைவாசிக் காசுக்கு ஒருத்தர் எடுக்கிறார் எண்டா ஒரே பெடியன் முப்பது நாப்பது நாயைப் பாக்கிறான் எண்டு நினையுங்கோ. ராவில அந்த வளவில மனுசர் ஆரும் படுக்கினமோ எண்டும் கேளுங்கோ, கன இடத்தில ஆறு மணிக்குப் பூட்டிக்கொண்டு வீட்டை போயிடுவினம்.

கொக்குவில்: ரெண்டரை மாசக் குட்டி. நாலு நாள் விடலாமோ?

வேண்டாம். ஊசி இன்னும் முடியேல்லை. பார்வோக் கிருமி மண்ணில மாசக்கணக்கா, ஒரு வருசம் கூடக் கிடக்கும், சவுக்காரம் போட்டுக் கழுவினாச் சாகாது, குளோரின் வேணும். நாலு மாசமாகி கடைசி ஊசி போட்டு ரெண்டு கிழமை போகட்டும். இப்ப நாலு நாளும் சித்தி வீட்டிலயோ மாமி வீட்டிலயோ விடுங்கோ, அங்க ஊசி போடாத நாய் இல்லாட்டி.

கனடா: அம்மா மானிப்பாயில தனிய இருக்கிறா. பதினொரு மாச ரொட்வீலர். ஒருத்தர் ஒரு மாசம் தன்னட்ட விட்டா கள்ளனைக் கடிக்கப் பழக்கித் தாறன் எண்டு சொல்லுறார், முழுக்காசும் முதலே வேணுமாம், இடையில ஆரும் வந்து பாத்தா நாய் பழகாதாம். அனுப்பலாமோ?

அனுப்பாதைங்கோ. காசு இன்னும் போடேல்லை எண்டா இண்டைக்கே வேண்டாமெண்டு சொல்லுங்கோ.

இதைப் பற்றி முந்தியும் எழுதியிருக்கிறன், திரும்பவும் எழுதுறன், ஏனெண்டா மாசா மாசம் உந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கு, அதுவும் கூட வெளிநாட்டில இருந்துதான். "வந்து பாத்தாப் பழகாது" எண்டது பச்சைப் பொய். படலையைப் பூட்டி வச்சுப் பழக்கிறவர் ஏதோ ஒண்டை மறைக்கிறார், அந்த ஏதோ ஒண்டு கன இடத்தில தடியும், கழுத்தை இறுக்கிற சங்கிலியும், பட்டினியும்தான். இப்ப கரண்ட் அடிக்கிற கழுத்துப் பட்டியும் ஒன்லைனில வாங்கலாம். அந்தப் பட்டியை வேல்ஸ் நாட்டில 2010லயே தடை செய்திட்டினம். அமெரிக்காவில மிருகங்களின்ர நடத்தையைப் பாக்கிற மிருக வைத்தியர் சங்கம் 2021ல தெளிவாச் சொல்லியிருக்கு, எந்த நாயா இருந்தாலும், கடிக்கிற நாய் உட்பட, பரிசு குடுத்துப் பழக்கிற முறைதான் பாவிக்கோணும் எண்டு. எங்கட ஆக்கள் இன்னும் "ஆர் பெரிசெண்டு நாய்க்குக் காட்டோணும்" எண்டு நிக்கினம். ஓநாய்க் கூட்டத்தை ஒரு தலைவன் அடக்கி ஆளும், நாயும் அப்பிடித்தான் எண்டதுதான் அவையட கதை. அந்த ஓநாய்த் தலைவன் கதையைப் பரப்பினவரில ஒருத்தர் டேவிட் மீச் எண்ட ஆராய்ச்சியாளர், காட்டு ஓநாய்க் கூட்டம் எண்டது தாய் தேப்பன் பிள்ளையள் இருக்கிற ஒரு குடும்பம்தான், அந்தக் கதை பொருந்தாது எண்டு அவரே 1999ல எழுதிட்டார். ஓநாய் ஆராய்ச்சிக்காரரே விட்டிட்டார், இஞ்ச விடமாட்டினமாம்.

அடி வாங்கின நாய் என்னத்தைப் படிக்கும்? உறுமினா அடி விழும் எண்டு படிக்கும். பிறகு உறுமாது. வீட்டுக்கு வந்தோண்ண "பாருங்கோ எவ்வளவு அமைதி" எண்டு எல்லாரும் சந்தோசப்படுவினம், ஒரு நாள் அது ஒரு சத்தமும் இல்லாம நேரா பாஞ்சு கடிக்கும். உறுமல் நாய் தாற எச்சரிக்கை. அதை அடிச்சு நிப்பாட்டிறது பெரிய விசர் வேலை.

சரி, அடியே இல்லாமப் பழக்கினார் எண்டே வையுங்கோவன். நாய் ஆருக்குக் கீழ்ப்படியும்? அவருக்கு. ஒரு மாசம் கழிச்சு நாப்பது, ஐம்பது கிலோ நாயை அம்மாவின்ர கையில குடுத்திட்டுப் போயிடுவார். அம்மாவின்ர குரலை அது பழகேல்லை, அம்மாவுக்கும் என்ன சொல்லோணும் எப்ப சொல்லோணும் எண்டு தெரியாது. அதுமட்டுமில்லை, கள்ளனையும் காஸ் சிலிண்டர் கொண்டுவாற பெடியனையும் அந்த நாய் எப்பிடிப் பிரிச்சு அறியும்? பந்து எடுக்க மதிலால ஏறிக் குதிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையை? கடிச்சா ஹொஸ்பிட்டலுக்கும் பொலிசுக்கும் அம்மாதான் அலையோணும், நீங்கள் ஸ்கார்பரோவில இருந்து வட்ஸ்அப்பில கதைப்பியள். கள்ளனுக்குக் குலைக்கிற நாய் காணும், கடிக்கிற நாய் தேவையில்லை, படலையடியில ஒரு லைற்றும் போடுங்கோ.

அந்தக் காசை இப்பிடிச் செலவழியுங்கோ. வீட்டுக்கு வந்து, அம்மாவையும் வச்சுக்கொண்டு பழக்கிற ஆளைப் பிடியுங்கோ. கிழமைக்கு ரெண்டு நாள் அவர் வரட்டும், மற்ற நாளில அம்மாவே பத்துப் பத்து நிமிசமா ரெண்டு மூண்டு தரம் செய்யட்டும். இரு, வா, விடு, இழுக்காம நட, இவ்வளவும் காணும், ரெண்டு மாசத்தில வந்திடும். ஆளைப் பிடிக்க முன்னம் ரெண்டு கேள்வி கேளுங்கோ: நாய் சரியாச் செய்தா என்ன குடுப்பியள், பிழையாச் செய்தா என்ன செய்வியள்? ரெண்டாவது கேள்விக்குச் சிரிச்சுக்கொண்டு "அது எங்களுக்குத் தெரியும்" எண்டா விட்டிடுங்கோ. முழுக்காசும் முதலே குடுக்கிறது வேண்டவே வேண்டாம். நாய்க்கு என்னவும் நடந்த பிறகு சட்டத்துக்குப் போவம் எண்டும் நம்பியிருக்காதைங்கோ, எங்கட மிருக வதைத் தடைச் சட்டம் 1907ல வெள்ளைக்காரன் எழுதினது, அதில இருக்கிற தண்டம் நூறு ரூபா.

சாவகச்சேரி: எட்டு நாள் விட்டு எடுத்தம். மெலிஞ்சு, குரல் அடைச்சுப் போய் வந்திருக்கு. அடிச்சிருப்பினமோ?

குரல் அடைச்சது குலைச்சதாலதான், கன நாய்க்கு அப்பிடி வரும், மூண்டு நாலு நாளில சரியாகும். கொஞ்சம் மெலியிறதும் வழமைதான், புது இடத்தில வடிவாச் சாப்பிடாது. ஆனா நீங்கள் கையைத் தூக்கினோண்ண நிலத்தோட பதுங்குதோ, பட்டிக்குக் கீழ மயிர் தேஞ்சு புண் இருக்கோ, வயித்துப் பக்கம் மூத்திரத்தில கிடந்து சிவந்திருக்கோ எண்டு பாருங்கோ. இதில ஒண்டு இருந்தாலும் படம் எடுத்துக்கொண்டு டொக்டரிட்டப் போங்கோ. தொண்டையில முள்ளுச் சிக்கின மாதிரி வறட்டு இருமல் வந்தா அது கெனல் கோஃப், நாய்க்கு நாய் தொத்துற இருமல், மற்ற நாயளோட சேர்க்காதைங்கோ. காட்டுற வரைக்கும் வீட்டில இருக்கிற பனடோலைக் குடுக்கிற வேலையும் வேண்டாம், அது நாய்க்குக் கூடாது.

பருத்தித்துறை: எங்கட நாய் புட்டும் மீன் குழம்பும் தவிர ஒண்டும் தின்னாது. போர்டிங்கில பிஸ்கற் தீன் மட்டும்தானாம்.

உங்கட நாயைப் பழுதாக்கினது நீங்கள்தான், போர்டிங்காரர் என்ன செய்வினம். போறதுக்குப் பத்து நாளுக்கு முன்னமே அந்தத் தீனை வாங்கி, இருக்கிற சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து கூட்டிக்கொண்டு போங்கோ, திடீரெண்டு மாத்தினா வயித்தாலடிக்கும். குழம்பில கிடக்கிற வெங்காயம் நாயின்ர இரத்தத்துக்குக் கூடாது, நெடுகக் குடுத்தால் சோகை வரும். பொரிச்ச, அவிச்ச கோழி எலும்பும் வேண்டாம்.

உரும்பிராய்: கமெரா இருக்கு, போன்ல பாக்கலாம் எண்டு சொல்லினம். அப்ப பயமில்லைத்தானே?

கமெரா பாக்காத பக்கத்தில என்ன இருக்கு? நேர போய்ப் பாருங்கோ. சொல்லாமப் போங்கோ.

கோண்டாவில்: ஒரு கிழமை விட்டு எடுத்தன், வந்து பத்து நாளில காய்ச்சல், மூக்கால இரத்தம். உண்ணிக் காய்ச்சலாம். அவையட பிழைதானே, காசைத் திருப்பிக் கேக்கலாமோ?

முதல் நாயைப் பாருங்கோ, காசுக் கதை பிறகு. மூக்கால இரத்தம் எண்டா இரத்தத்தை உறைய வைக்கிற இரத்தத் தட்டு இறங்கியிருக்கும், டொக்டர் தந்த குளிசையை நாலு நாளில நல்லா நிக்குது எண்டு நிப்பாட்டாதைங்கோ, மூண்டு நாலு கிழமை குடுக்கச் சொல்லுவினம், முழுக்கக் குடுங்கோ.

பிழை ஆற்ற எண்டது சிக்கல். உண்ணி கடிச்சு ஒண்டில இருந்து மூண்டு கிழமைக்குள்ளதான் காய்ச்சல் வரும். அப்ப அங்கயும் கடிச்சிருக்கலாம், உங்கட வளவிலயும் கடிச்சிருக்கலாம். கணக்குத் தீர்க்க ஏலாது. அதுக்குத்தான் விடேக்க ரெண்டு பகுதியும் சேர்ந்து காதுக்குள்ள, விரல் இடுக்குக்குள்ள, வாலடியில பாத்து ஒரு தாளில எழுதோணும், எடுக்கேக்கயும் அப்பிடி. உண்ணிக் குளிசையைப் போறதுக்கு முன்னமே குடுத்திட்டு விடுங்கோ. இடத்தைப் பாக்கப் போகேக்க நாயை மட்டும் பாக்காதைங்கோ, சுவர் வெடிப்பைப் பாருங்கோ, அந்த மண்ணிற உண்ணி சுவரில ஏறி வெடிப்புக்குள்ளதான் முட்டையிடும், ஒரு உண்ணி ஆயிரக்கணக்கில இடும். பூசாத கல்லுச் சுவர், ஓலை வரிச்சு எல்லாம் அதுக்கு நல்ல இடம். நான் ஓலை நல்லது எண்டு மேல சொன்னது சூட்டுக்கு, உண்ணிக்கு இல்லை, மருந்து அடிச்சு வச்சிருக்கினமோ எண்டு கேளுங்கோ. கார்ட் கேக்காத இடம் உண்ணியும் பாத்திராது.

நெல்லியடி: பெட்டை நாய்க்கு இரத்தம் போகத் தொடங்கிட்டுது, அடுத்த கிழமை போர்டிங் புக் பண்ணியிருக்கு.

கான்சல் பண்ணுங்கோ. மூண்டு கிழமை போகட்டும். இல்லாட்டி 63 நாளில எனக்கு வேற கேள்வி எழுதுவியள். குட்டி எடுக்கிற எண்ணம் இல்லையெண்டா கருத்தடை ஒப்பரேஷனைப் பற்றி டொக்டரோட கதையுங்கோ.

அச்சுவேலி: கொழும்பில நல்ல ரெயினிங் இடம் இருக்காம். நாயை மட்டும் வானில ஆரோடையும் குடுத்துவிடலாமோ?

400 கிலோமீற்றர், எட்டு ஒன்பது மணித்தியாலம், தெரியாத ஆள், தெரியாத இடம். நீங்கள் கூடப் போகேலாது எண்டா அனுப்பாதைங்கோ. போறதெண்டா ராவில வெளிக்கிடுங்கோ, வெளிக்கிட நாலு மணித்தியாலத்துக்கு முன்னம் சாப்பாட்டை நிப்பாட்டுங்கோ, வவுனியாவிலயும் தம்புள்ளையிலயும் இறக்கித் தண்ணி குடுங்கோ. ஆனா கீழ்ப்படியப் பழக்கிறதுக்குக் கொழும்பு தேவையில்லை, மேல கனடாக் கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கோ.

வேலணை: பதின்மூண்டு வயசு ஊர் நாய், ஒரு கண் தெரியாது. கலியாணத்துக்கு அஞ்சு நாள் மட்டக்களப்புக்குப் போகோணும்.

வயசான, கண் தெரியாத நாயை இடம் மாத்தாதைங்கோ. பக்கத்து வீட்டு ஆரும் காலமையும் பின்னேரமும் வந்து சாப்பாடு வச்சு, அரை மணித்தியாலம் கூட இருந்திட்டுப் போகட்டும், போறதுக்கு முன்னம் மூண்டு நாலு நாள் உங்களோட சேர்ந்து அதைச் செய்து பழகட்டும். கதிரை, கட்டில் ஒண்டையும் இடம் மாத்தி வைக்காதைங்கோ. கிணத்துக் கட்டு பதிவெண்டா சுத்தி அடையுங்கோ. டொக்டரின்ர நம்பரையும், என்னவும் எண்டா எவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம் எண்டதையும் எழுதிக் காசோட குடுத்திட்டுப் போங்கோ, ராவில டொக்டர் தேடுறது எங்கட பக்கம் லேசுப்பட்ட வேலையில்லை, அதிலயும் தீவுப் பக்கம்.