செவ்வாய் மணல்மேட்டுக் கருங்கோடுகள்: நீர் ஓடிய தடமா?

நீர் இல்லை. செவ்வாய்க் கோளின் வடதுருவ மணல்மேடுகளை வசந்தகாலத்தில் எடுத்த படங்களில், நீர் வழிந்த தடம்போலத் தெரியும் கருங்கோடுகள், வெளிர் உறைபனி மேல் சரிந்து கிடக்கும் கருமணல்.

குளிர்காலத்தில் அங்கே கரியமில வாயுவே சுமார் -125 டிகிரி செல்சியஸில் உறைந்து மேட்டைப் போர்த்திவிடும். வசந்தத்தில் வெயில் அந்தப் பனியை ஊடுருவி அடியைச் சூடாக்கும். பனி உருகாது, நேரே வாயுவாகி, வெடிப்பு வழியே மணலையும் வாரிக்கொண்டு பீறிடும். இது மேட்டின் முகட்டருகே நிகழ்ந்தால் மணல் சரிந்து பள்ளம் விழும். அப்புறம் காற்று அதை மெல்ல நிரப்பும்.

செவ்வாயைச் சுற்றும் நாசா விண்கலத்தின் ஹைரைஸ் கேமரா எடுத்த, அதே இடத்தின் கோடைகாலப் படத்தைத் தேடிப் பாருங்கள். கோடு மறைந்து பள்ளம் மட்டும் நின்றால் சரிவு நடந்திருக்கிறது.

ஒன்று, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கவனிக்காவிட்டால் மேடே பள்ளமாகத் தெரியும். நானே ஏமாந்திருக்கிறேன்.